ஸ்ட்ராட்ஃபோர்டு கில்ட்ஹாலைப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவனுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஹென்லி தெருவில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்க்கிறார்கள். வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். ஆற்றங்கரையில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், சர்ச் தெருவில் கில்ட்ஹால் என்ற அறுநூறு வருஷப் பழமையான ஒரு நீண்ட மரக்கட்டடம் நிற்கிறது. அந்த ஊர் விருந்து வைத்தது, சபை கூட்டியது, வழக்கு விசாரித்தது, நாடகம் பார்த்தது, பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அதன் இரண்டே தளங்களில்தான். ஒரே ஓர் இடத்துக்குத்தான் டிக்கெட் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். பிறந்த வீடு 19-ஆம் நூற்றாண்டில் வெகுவாகச் சீரமைக்கப்பட்ட நினைவிடம். கில்ட்ஹால் இன்றும் வேலையில் இருக்கிற கட்டடம்.

ஆனால் எதுவும் தெரியாமல் உள்ளே போனால் பெரிய அறைகளும் நிறைய மரமும் மட்டுமே கண்ணில் படும். கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். இந்தக் கட்டடத்தின் ஒவ்வோர் அறையும் பல வேலைகள் பார்த்த அறை. எந்தக் காலத்தில் யார் இங்கே என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால்தான் சுவர்கள் பேசும்.

கிளம்புவதற்கு முன்: ஐந்து நிமிட வரலாறு

கில்ட் என்றதும் நெசவாளர் சங்கம், தட்டார் சங்கம் போன்ற தொழில் குழு என்றுதான் தோன்றும். ஸ்ட்ராட்ஃபோர்டின் ‘திருச்சிலுவை கில்ட்’ அப்படியல்ல. அது ஒரு சமயச் சகோதரக் கூட்டம். மரண சகாய நிதி, கோயில் கமிட்டி, ஊர்ப் பஞ்சாயத்து மூன்றையும் ஒரே அமைப்பில் போட்டால் கிட்டத்தட்ட அதுதான். ஆண், பெண் இருபாலரும் சேரலாம். சந்தா கட்டினால் இறந்தபின் உங்கள் ஆன்மாவுக்காகக் கில்டின் பாதிரியார்கள் பூசை வைப்பார்கள். ஏற்கெனவே இறந்துபோன அப்பா அம்மாவையும் பணம் கட்டி உறுப்பினராக்கலாம்.

1389-இல் மன்னரின் அரசு நாட்டிலுள்ள கில்டுகளிடம் எல்லாம் அறிக்கை கேட்டபோது ஸ்ட்ராட்ஃபோர்டு கொடுத்த பதிலில் ஓர் அழகான விதி இருக்கிறது. ஈஸ்டர் வாரத்தில் விருந்து நடக்கும். ஒவ்வொருவரும் ஒரு பெரிய குவளை கொண்டுவர வேண்டும். குவளைகள் எல்லாவற்றிலும் ஏல் மது நிரப்பப்படும். அது ஏழைகளுக்குக் கொடுக்கப்படும். இந்தக் குவளைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழ்த்தளத்தில் உதவும்.

ஊர் அதற்கும் முந்தியது. 1196-இல் வூஸ்டர் ஆயர் திட்டமிட்டு மனை பிரித்து உருவாக்கிய சந்தை நகரம் இது. முதலாம் ரிச்சர்டு மன்னர் வாரச் சந்தைக்கு அனுமதி தந்தார். 1269-இல் கில்டுக்கு மருத்துவ விடுதியும் சிற்றாலயமும் கட்ட ஆயரின் அனுமதி கிடைத்தது. 1403-இல் ஊரிலிருந்த மூன்று கில்டுகள் ஒன்றாயின. கையில் காசு சேர்ந்தது. 1420-ஐ ஒட்டி இன்று நீங்கள் பார்க்கப்போகும் மண்டபம் எழுந்தது.

அடுத்த முக்கியமான ஆண்டு 1547. கத்தோலிக்கத்தை விட்டுச் சீர்திருத்தச் சபைப் பக்கம் போன அரசு, இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பதே மூடநம்பிக்கை என்று சொல்லி நாடெங்கும் சமயக் கில்டுகளைக் கலைத்தது. சொத்துகள் அரசுடைமையாயின. ஸ்ட்ராட்ஃபோர்டை அதுவரை நிர்வாகம் செய்தது பெரும்பாலும் கில்டுதான் என்பதால் ஊருக்கே தலை போன கதை. 1553 ஜூன் 28 அன்று ஆறாம் எட்வர்டு மன்னர் ஒரு சாசனம் தந்து நகராட்சியை உண்டாக்கினார். கில்டின் சொத்துகளில் பெரும்பகுதி அதன் கைக்கு வந்தது. மன்னருக்கு அப்போது 15 வயது. சாசனம் தந்த ஒரு வாரத்தில் இறந்துபோனார். சாசனம் இன்னும் பத்து நாள் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

படி 1: நாளும் நேரமும்

இந்தக் கட்டடம் இன்னும் ஒரு பள்ளிக்கூடத்தின் பகுதி. அதே எட்வர்டு மன்னரின் பெயரில் நடக்கும் பள்ளி. அதனால் பார்வையாளர்களை வழக்கமாக முற்பகல் 11 மணியளவில்தான் உள்ளே விடுகிறார்கள். பருவத்தைப் பொறுத்தும் பள்ளி நிகழ்ச்சிகளைப் பொறுத்தும் இது மாறும். முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தில் நேரத்தையும் கட்டணத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பிறந்த வீட்டை நடத்தும் அறக்கட்டளையின் கூட்டு டிக்கெட்டில் இது சேராது, நிர்வாகம் வேறு. இங்கே தனியாகத்தான் வாங்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் கூட்டம் பிற இடங்களில் உள்ள அளவுக்கு இங்கே இருக்காது. முடிந்தால் வார நாளில் போங்கள்.

படி 2: போய்ச் சேர்வது

லண்டன் மேரில்போன் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பல வண்டிகளுக்கு லெமிங்டன் ஸ்பாவிலோ டாரிட்ஜிலோ மாற வேண்டியிருக்கும். பர்மிங்ஹாம் மூர் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ‘ஸ்ட்ராட்ஃபோர்டு’ என்று மட்டும் டிக்கெட் கேட்டால் கிழக்கு லண்டனில் இருக்கிற ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். ‘அபான்-ஏவன்’ சேர்த்தே சொல்லுங்கள். ‘பார்க்வே’ என்ற நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள், அது ஊருக்கு வெளியே.

நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், கால் மணி நேரம் போதும். கிரீன்ஹில் தெரு வழியாக ராதர் தெருவுக்கு வந்து, ஸ்காலர்ஸ் சந்தில் திரும்புங்கள். சந்து முடிகிற இடத்தில் எதிரே சாம்பல் நிறக் கல் கோபுரம் தெரியும். அதுதான் கில்டின் சிற்றாலயம். அதன் வலது பக்கம் ஒட்டினாற்போல ஓடும் நீண்ட மரக்கட்டடம் கில்ட்ஹால். அதற்கும் அடுத்து வரிசையாகச் சிறு வீடுகள்.

படி 3: உள்ளே போகாதீர்கள், முதலில் எதிர்ச் சாரியில் நில்லுங்கள்

சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றால்தான் முழு நீளமும் கண்ணுக்குள் அடங்கும். கல்லில் ஆலயம், மரத்தில் மண்டபம், அதையடுத்து முதியோர் வீடுகள். ஒரு கில்ட் எதற்கெல்லாம் இருந்தது என்பது ஒரே வரிசையில் எழுதிவைத்த மாதிரி நிற்கிறது. அந்தச் சிறு வீடுகளில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். சன்னலில் முகம் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இப்போது மண்டபத்தின் முகப்பைப் பாருங்கள். மேல்தளம் கீழ்த்தளத்தைவிட நடைபாதைப் பக்கம் நீண்டிருக்கிறது. தரை விட்டங்கள் சுவரைத் தாண்டி வெளியே வந்து, அவற்றின் நுனியில் மேல்சுவர் உட்கார்ந்திருக்கிறது. செங்குத்துத் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. கட்டடம் நிற்க இத்தனை மரம் தேவையில்லை. ஓக் மரம் விலை உயர்ந்தது. நெருக்கமாக நட்டால் ‘எங்களிடம் காசு இருக்கிறது’ என்று தெருவுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட கட்டடங்களைப் பச்சை ஓக்கில் செய்வார்கள். உலர்ந்த ஓக்கை அறுப்பது பெரும்பாடு. தச்சர்கள் தங்கள் களத்திலேயே சட்டங்களை அறுத்து, பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் கோடு கோடாக எண் வெட்டிவைப்பார்கள். பிறகு பிரித்து, மனைக்குக் கொண்டுவந்து, எண் பார்த்து மறுபடி பூட்டி, மர ஆப்பு அடிப்பார்கள். ஆணி கிடையாது. இடைவெளிகளில் குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் கலந்து பூசுவார்கள். காலப்போக்கில் பச்சை மரம் உலர்ந்து முறுக்கிக்கொள்ளும். கோணல்மாணலாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இங்கிலாந்தில் இந்த மாதிரி வீடுகளைப் பார்த்து, கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக இருப்பதுதான் இடைக்காலம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மரத்துக்குக் கறுப்பு அடிப்பது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு மோகம். இந்தக் கட்டடத்தின் முகப்பே நெடுநாள் காரைப் பூச்சுக்குள் மறைந்திருந்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மரம் வெளியே தெரிந்தது.

படி 4: கீழ்த்தளம், விருந்தும் நாடகமும்

உள்ளே போனதும் நீளமான, தாழ்வான கூடம். உயரமானவர்கள் விட்டங்களைக் கவனித்து நடங்கள். நடுவில் நின்று இரண்டு கோடியையும் பாருங்கள். கில்டின் உறுப்பினர்கள் விருந்துக்கு உட்கார்ந்த இடம் இதுதான். 1389 அறிக்கையில் சொன்ன குவளை விதி இந்த மண்டபத்துக்கும் முந்தியது, ஆனால் அந்தப் பழக்கத்துக்காகத்தான் இத்தனை பெரிய கூடம் வேண்டியிருந்தது. தெற்குக் கோடியில் இடைக்காலச் சுவரோவியத்தின் எச்சம் இருக்கிறது. வெளிச்சம் குறைவு, நிறம் மங்கல். கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள், உருவங்கள் மெல்லப் பிடிபடும்.

1553-க்குப் பிறகு அதே கூடம் நகராட்சிக்குப் போனது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் நகரத் தலைவரைப் பெய்லிஃப் என்பார்கள். 1568-இல் அந்தப் பதவிக்கு வந்தவர் கையுறை செய்து விற்கும் ஜான் ஷேக்ஸ்பியர். மது சோதிப்பவர், காவலர், பொருளாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். அவர் பதவியில் இருந்தபோதுதான், 1569-இல், ஸ்ட்ராட்ஃபோர்டின் கணக்குப் புத்தகத்தில் முதன்முதலாகத் தொழில்முறை நாடகக் குழுக்களுக்குப் பணம் கொடுத்த பதிவு வருகிறது. அரசியின் குழுவுக்கு 9 ஷில்லிங், வூஸ்டர் பிரபுவின் குழுவுக்கு 1 ஷில்லிங்.

அந்தக் காலத்தில் 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. சாசனப்படி பள்ளி ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. கணக்குப் போட்டால் அரசியின் குழு வாங்கியது வாத்தியாரின் எட்டு நாள் சம்பளம். பிரபுவின் குழுவுக்கு ஒரு நாள் சம்பளம்கூட முழுசாக இல்லை.

ஊர் ஊராகச் சுற்றும் குழு ஒன்று வந்தால் முதலில் நகரசபை முன்னால் நடித்துக் காட்ட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அதற்கான இடம் கில்ட்ஹால். பெய்லிஃபின் மகன் வில்லியமுக்கு அப்போது ஐந்து வயது. அவனை அழைத்து வந்தார்களா என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. வழிகாட்டிகள் சொல்லும்போது ‘அப்பா முழங்காலுக்கு நடுவே நின்று பார்த்தான்’ என்கிற மாதிரி ஒரு காட்சி வந்துவிடும். ரசியுங்கள், ஆனால் வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. எனக்கு இந்தக் கூடத்தில் மிகவும் பிடித்த கதை அதுதான். ஊரில் கேளிக்கையை வெறுக்கும் தூய்மைவாதச் சமயத்தார் கை ஓங்க ஓங்க, நகராட்சிக்கு நாடகம் கசந்துபோயிற்று. 1602-இல் கில்ட்ஹாலில் நாடகம் நடத்த யாராவது அனுமதித்தால் 10 ஷில்லிங் அபராதம் என்று தீர்மானம் போட்டார்கள். வில்லியம் ஷேக்ஸ்பியர் லண்டனில் உச்சத்தில் இருந்த நேரம் அது. ஊரிலேயே பெரிய வீடுகளில் ஒன்று அவருடையது, மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில். 1612-இல் அபராதத்தை 10 பவுண்டாக்கினார்கள். அவர் இறந்து ஆறு ஆண்டுக்குப் பின், 1622-இல், அவர் எழுதி வளர்த்த ‘மன்னரின் குழு’ ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வந்தபோது நகராட்சி அவர்களுக்கு 6 ஷில்லிங் கொடுத்தது. எதற்கு? மண்டபத்தில் நடிக்காமல் போனதற்கு. கணக்கில் அப்படியேதான் எழுதியிருக்கிறது.

படி 5: மாடியில் வகுப்பறை

படிகள் செங்குத்தானவை, தரை சமமாக இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி வசதி என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மேலே ஏறியதும் முதலில் கூரையைப் பாருங்கள். ஒருகாலத்தில் நடுவே மச்சு போட்டு மறைத்திருந்தார்கள், 19-ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் அதை எடுத்துவிட்டதால் சட்டங்கள் முழுதாகத் தெரிகின்றன. இந்த நீண்ட அறைதான் பள்ளிக்கூடம். ஊர்க்காரர் பிள்ளைகளுக்கு இலவசம். பையன்களுக்கு மட்டும்.

ஷேக்ஸ்பியர் இங்கே படித்தாரா? அந்தக் காலத்து மாணவர் பதிவேடு தப்பவில்லை. ஆனால் தகப்பன் நகரத் தலைவர், பள்ளி இலவசம், வீட்டிலிருந்து சில நிமிட நடை. வேறெங்கு போயிருப்பான் என்பதுதான் அறிஞர்களின் வாதம். நான் அதை ஏற்கிறேன். அவன் வயதுக்குப் பொருந்தும் ஆண்டுகளில் இருந்த ஆசிரியர்களின் பெயர்கள் மட்டும் உறுதியாகத் தெரியும்: சைமன் ஹன்ட், பிறகு தாமஸ் ஜென்கின்ஸ், பிறகு ஜான் காட்டம்.

அன்றைய இலக்கணப் பள்ளி என்றால் லத்தீன் பள்ளி என்று அர்த்தம். ஏழு வயதளவில் சேர்வார்கள். கோடையில் காலை ஆறு மணிக்கு மணி அடிக்கும், குளிர்காலத்தில் ஏழு. மாலை வரை வகுப்பு. மனப்பாடம், ஒப்பித்தல், மொழிபெயர்ப்பு, அதைத் திரும்ப லத்தீனாக்குதல். மேல் வகுப்பில் சிசரோ, ஒவிட் என்ற லத்தீன் எழுத்தாளர்கள். தப்பு செய்தால் பிரம்படி. அந்தக் காலத்து உடையில் ஒரு ‘ஆசிரியர்’ நின்று பார்வையாளர்களுக்கே பாடம் எடுப்பது இங்கே வழக்கம். பெரியவர்கள் ஓரமாக நின்று சிரிப்பதைவிடப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவது மேல். பத்து நிமிடத்தில் அந்தக் கல்வியின் ருசி தெரிந்துவிடும். இறகுப் பேனாவில் எழுதிப் பார்க்கவும் விடுகிறார்கள். பிள்ளைகளோடு வந்தால் இங்கேதான் அதிக நேரம் ஆகும், அதற்கேற்ப ஒதுக்குங்கள்.

படி 6: சிற்றாலயம், கடைசியாக

மண்டபத்தை விட்டு வந்ததும் பக்கத்திலுள்ள ஆலயத்துக்குள் போங்கள். அனுமதி இலவசம், உண்டியலில் ஏதாவது போடலாம். இதைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கில்ட் யார், நகராட்சி யார், ஜான் ஷேக்ஸ்பியர் யார் என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் சுவரில் இருப்பது விளங்கும்.

மக்கள் அமரும் முன்பகுதியை 1490-களில் புதுப்பிக்கப் பணம் தந்தவர் ஹியூ கிளாப்டன். ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்து லண்டனில் துணி வியாபாரத்தில் சம்பாதித்து, அந்நகரத்தின் மேயராகவும் ஆனவர். ஏவன் ஆற்றின் மேல் இன்றும் வண்டிகள் ஓடுகிற 14 வளைவுக் கல்பாலமும் அவர் கொடைதான்.

பீடத்தைப் பார்த்து நின்று, வளைவுக்கு மேலே தலையை நிமிர்த்துங்கள். இறுதித் தீர்ப்பு நாள் ஓவியம். நடுவில் வானவில்லின்மேல் கிறிஸ்து. உங்கள் இடப்பக்கம் மோட்சம், வலப்பக்கம் நரகம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் செய்தி புரியும்: கில்டில் சேர், பூசைக்கு வழி செய்துகொள், இல்லாவிட்டால் வலப்பக்கம். கில்டின் செல்வத்துக்கெல்லாம் ஆணிவேர் இந்த அச்சம்தான். மேற்குச் சுவரில் மரணத்தைப் பற்றிய ஓவியமும் கவிதையும் இருக்கின்றன. வடக்குச் சுவரில் ஒரு ‘மரண நடன’ வரிசை உண்டு, மரப் பலகைகளுக்குப் பின்னால்.

1564 ஜனவரியில் நகராட்சிக்குச் சமர்ப்பித்த கணக்கில் ஒரு வரி: ஆலயத்திலுள்ள உருவங்களைச் சிதைத்ததற்கு 2 ஷில்லிங். கணக்குப் பொறுப்பில் இருந்தவர் ஜான் ஷேக்ஸ்பியர். மூன்று மாதம் கழித்து வில்லியம் பிறந்தான். சிதைத்தது என்று எழுதியிருந்தாலும் ஓவியங்களுக்கு நடந்தது பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சுதான். அந்தச் சுண்ணாம்புதான் அவற்றைக் காப்பாற்றியது. 1804-இல் சீரமைப்பு வேலை நடந்தபோது வெளிப்பட்டன, தாமஸ் ஃபிஷர் என்பவர் நகல் வரைந்துவைத்தார். பீடப் பகுதியில் அவர் வரைந்த சில ஓவியங்கள் இன்று இல்லை, அவருடைய நகல்தான் மிச்சம்.

ஜான் உள்ளூர இன்னும் பழைய கத்தோலிக்கர்தான், வேண்டுமென்றேதான் சுரண்டாமல் வெள்ளையடித்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். என் கணக்கில், வெள்ளையடிப்பதுதான் மலிவு. 2 ஷில்லிங்கில் யாரும் சுவர் முழுக்கச் சுரண்டித் தரமாட்டார்கள்.

படி 7: வெளியே வந்தபின்

ஆலயத்துக்கு எதிரே, சேப்பல் சந்தின் மறுபக்கம், ஒரு தோட்டம். அங்கேதான் ‘நியூ பிளேஸ்’ என்ற வீடு இருந்தது. கட்டியவர் மேலே சொன்ன கிளாப்டன், 1597-இல் வாங்கியவர் வில்லியம் ஷேக்ஸ்பியர். 1759-இல் அதன் சொந்தக்காரரான ஒரு பாதிரியார், நகராட்சியோடு வரித் தகராறு, சுற்றுலாக்காரர் தொல்லை எல்லாம் சேர்ந்து எரிச்சலாகி, வீட்டையே இடித்துத் தள்ளினார். தோட்டத்துக்குத் தனி டிக்கெட். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் போதும் என்பேன்.

சர்ச் தெருவிலேயே தெற்கே நடந்தால் ஹோலி டிரினிட்டி தேவாலயம். ஷேக்ஸ்பியரின் கல்லறை அங்கே. மண்டபத்துக்கும் ஆலயத்துக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொண்டால் இதற்கும் மாலைக்குள் நேரம் இருக்கும்.

இன்னொரு நாள் இருந்தால்

பக்கத்திலேயே, 8 மைலில், வாரிக். மேற்கு வாசலை ஒட்டி ‘லார்டு லெஸ்டர்’ என்ற மரக்கட்டடத் தொகுதி. அதுவும் கில்டுகளுக்குச் சொந்தமாக இருந்ததுதான். ஆனால் அதன் விதி வேறு மாதிரி. 1571-இல் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி அதை முதிய போர்வீரர்களுக்கான இல்லமாக்கினார், இன்றும் முன்னாள் படைவீரர்கள் அங்கே வசிக்கிறார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கலைக்கப்பட்ட ஒரு கில்டின் மண்டபம் யார் கைக்குப் போனதோ அதைப் பொறுத்தே பிழைத்திருக்கிறது என்பது தெரியும்.

அங்கிருந்து லெமிங்டன் ஸ்பாவில் ரயில் மாறி கவென்ட்ரி. செயின்ட் மேரி கில்ட்ஹால் 1340-களில் தொடங்கியது, கல்லில் கட்டியது, பணக்கார வணிகர்களுடையது. 1500-ஐ ஒட்டி நெய்த பெரிய சித்திரத் திரை இன்றும் அதே சுவரில் தொங்குகிறது. 1569-இல் ஸ்காட்லாந்து அரசி மேரியைச் சில நாள் இங்கே காவலில் வைத்திருந்தார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜான் ஷேக்ஸ்பியர் நாடகக்காரர்களுக்குப் பணம் கொடுத்த அதே வருஷம். 1940 நவம்பர் 14 இரவுக் குண்டுவீச்சில் எதிரே இருந்த தலைமைத் தேவாலயம் சிதைந்தது, இது தப்பியது. கவென்ட்ரியிலிருந்து லண்டன் யூஸ்டனுக்கு ஒரு மணி நேர ரயில்தான். அதனால் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போகவர டிக்கெட் எடுக்காமல் ஒரு வழி மட்டும் எடுத்து, இந்தப் பக்கமாக ஊர் திரும்புங்கள்.